கிளாஸ்கோவில் நன்றாகச் சாப்பிட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். மேற்படிப்புக்கு வந்திறங்கும் பிள்ளைகள், அவர்களைப் பார்க்க வரும் பெற்றோர், ஹைலாண்ட்ஸ் மலைகளுக்குப் போகும் வழியில் இரண்டு இரவு தங்குபவர்கள் என எல்லோரும் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். தனித்தனியாக எழுதி வந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கிளாஸ்கோவில் சாப்பாடு கிடைக்காது, பிரெட்டும் உருளைக்கிழங்கும்தான் கதி என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். பிழைப்பைத் தேடி வந்தவர்கள் கைமணத்தோடு கட்டிய ஊர் இது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கெங்கே சாப்பிடலாம்?

காலையில் ரோல், மதியம் பஞ்சாபிச் சமையல், மாலையில் டீ, இரவில் மீன். இந்த வரிசையில் போனால் ஊரையும் பார்த்துவிடலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் சப்வே எனும் சுரங்க ரயிலில் ஏறி கெல்வின்ஹால் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கெல்வின்குரோவ் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. வார நாட்களிலும் சனிக்கிழமையிலும் பகல் 1 மணிக்கு நடுக்கூடத்தில் ஆர்கன் வாசிப்பார்கள். பெரிய கூடம் முழுவதும் அந்த ஒலி நிரம்பி இறங்கும்போது பசியும் கூடவே வந்துவிடும். சாலையைக் கடந்தால் எதிரிலேயே மதர் இந்தியாஸ் கஃபே. இங்கே எல்லாம் சிறு சிறு தட்டுகளில் வரும். இரண்டு பேர் நான்கைந்து தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டால் வயிறும் நிறையும், பல ருசியும் கிடைக்கும். கூட்டம் இருக்கும், காத்திருப்பதில் தவறில்லை.

மாலை டீக்கு சாக்கிஹால் தெரு, இரவு மீனுக்கு ஃபின்னிஸ்டன். இரண்டைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். சப்வே 1896இல் திறந்தது. ஒரே வட்டம், 15 நிலையங்கள். முழுச் சுற்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது என்பதால் தவறான திசையில் ஏறினாலும் வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

இந்த ஊர்க்காரர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள்?

ரோல். மேலே மெல்லிய மொறுமொறுப்பும் உள்ளே காற்றோட்டமும் உள்ள உருண்டை ரொட்டி. அதை இரண்டாக வகிர்ந்து வெண்ணெய் தடவி உள்ளே ஏதாவது வைத்துக் கொடுப்பார்கள். பேக்கரியிலும் சிறு கஃபேக்களிலும் காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கும். கப்பல் பட்டறைக்குப் போனவர்கள் சாப்பிட்ட உணவு இது. ஒரு கையில் ரோலைப் பிடித்துக்கொண்டு மறு கையில் டீயோடு நடந்துவிடலாம்.

உள்ளே வைக்கும் 'ஸ்கொயர் சாசேஜ்' சதுரமாகத் தட்டையாக இருக்கும். 'லார்ன்' என்றும் சொல்வார்கள். அது பெரும்பாலும் மாட்டிறைச்சி, சில கடைகளில் பன்றியும் கலந்திருக்கும். அது வேண்டாதவர்களுக்கு 'டாட்டி ஸ்கோன்' இருக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து, தட்டையாகத் தேய்த்து, கல்லில் சுட்டெடுப்பது. நம் வீட்டு உருளைக்கிழங்கு ரொட்டிக்கு உறவுக்காரன். டாட்டி ஸ்கோனும் முட்டையும் வைத்த ரோல் எனக்கு மிகவும் பிடித்த காலை உணவு. மேற்பகுதி கருகக் கருகச் சுட்ட ரோலை 'வெல் ஃபயர்ட்' என்று கேட்டு வாங்குவார்கள். முதல் பார்வைக்குத் தீய்ந்தது போல் தெரியும். கடித்துப் பாருங்கள், அந்தக் கசப்பு வெண்ணெயோடு சேரும்போது அருமையாக இருக்கும்.

ஹாகிஸ் என்பது என்ன? சாப்பிடலாமா?

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைப்பது. இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் இரைப்பைக்குப் பதில் செயற்கை உறைதான் பெரும்பாலும் இருக்கும். ஆட்டில் எதையும் வீணாக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. ஈரல் வறுவலும் குடல் குழம்பும் சாப்பிட்ட நாக்குக்கு ஹாகிஸின் மிளகுக் காரம் உடனே பிடித்துவிடும். மசித்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும் பக்கத்தில் வைத்துத் தருவார்கள். மாட்டுக் கொழுப்பு சேர்த்திருக்கலாம் என்பதால் தவிர்க்கிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முறையாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் ஆஷ்டன் சந்தில் உள்ள யுபிக்விடஸ் சிப். 1971இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் விளைபொருளை வைத்தே உயர்தரச் சமையல் செய்ய முடியும் என்று, பிரெஞ்சு உணவுதான் பெரிய உணவு என்று எல்லோரும் நினைத்த காலத்தில் நிரூபித்த இடம். மான் இறைச்சியில் செய்த ஹாகிஸ் அவர்களுடைய தனிச் சிறப்பு. மெர்ச்சன்ட் சிட்டி பகுதியில் 1979 முதல் இருக்கும் கஃபே காண்டோல்ஃபியும் நல்ல இடம். டிம் ஸ்டெட் செதுக்கிய கனத்த மர மேசைகளைத் தடவிப் பார்க்கவே போகலாம். அங்கே 'கல்லன் ஸ்கிங்க்' கிடைத்தால் விடாதீர்கள். புகைபோட்ட ஹாடக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால் சேர்த்த கெட்டி சூப். மழை நாளில் அதற்கு இணை கிடையாது.

ஹாகிஸை பக்கோடாவாகப் பொரித்துத் தரும் இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களும் உண்டு. ஹாகிஸ் பக்கோடா இந்த ஊரின் கதையை ஒரு வாயில் சொல்லிவிடும். வேடிக்கைக்காகச் செய்தது என்று ஒதுக்காதீர்கள். உண்மையாகவே நன்றாக இருக்கும்.

நாங்கள் சைவம். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் எழுத விரும்புகிறேன்.

என் அம்மா முதன்முறை இங்கே வந்தபோது நகரின் நடுவில் ஒரு சிறிய கஃபேயில் பருப்பு சூப் வாங்கிக் கொடுத்தேன். மைசூர்ப் பருப்பு, கேரட், வெங்காயம் என்று பார்த்த உடனே நம் வீட்டுச் சாப்பாடு போல் இருந்தது. பாதிக் கிண்ணம் முடிந்தபோது அடியில் ஓர் இறைச்சித் துணுக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் பருப்பு சூப்பைப் பன்றித் தொடை எலும்பு வேகவைத்த சாற்றில் செய்வது காலகாலமான வழக்கம். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. அன்று அம்மாவின் முகம் வாடியதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆகவே கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எந்தச் சாறில் செய்தது, எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்க ஒருபோதும் கூச்சப்படாதீர்கள். கிளாஸ்கோ மக்கள் பேச்சுப் பிரியர்கள். சமையலறைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வார்கள். அதோடு உங்கள் ஊர், உங்கள் அம்மாவின் உடல்நலம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களைப் பற்றிய தகவலைத் தர வேண்டியது இங்குள்ள உணவகங்களின் சட்டக் கடமை. ஆனால் அந்தப் பட்டியலில் மாடு, பன்றி, கோழி கிடையாது. அதனால் பட்டியலைப் பார்த்துத் திருப்தியடையாமல் வாய்விட்டுக் கேளுங்கள்.

குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை: மீன் கடைகளில் பல இன்னமும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன, உருளைக்கிழங்கு சிப்ஸ் உட்பட. தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். காலை உணவுக் கடையில் டாட்டி ஸ்கோனையும் சாசேஜையும் ஒரே கல்லில் போடுவார்கள். பார்மஜானோ போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்ந்திருக்கும்.

இனி நல்ல செய்தி. சைவ ஹாகிஸை 1984இல் எடின்பரோவின் மக்ஸ்வீன் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பயறு, பருப்பு, ஓட்ஸ், விதைகள் சேர்ந்தது. இப்போது ஊரெங்கும் கிடைக்கும், ருசியிலும் குறை சொல்ல முடியாது. நகர மையத்தில் ரென்ஃபீல்டு சந்தில் உள்ள ஸ்டீரியோ, கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மக்கின்டாஷ் வடிவமைத்த பழைய டெய்லி ரெக்கார்டு பத்திரிகைக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே பாலும் முட்டையும்கூடச் சேர்க்காத சமையல். தென்பகுதியில் பொல்லக்ஷாஸ் சாலையில் ரஞ்சித்ஸ் கிச்சன்: முழுச் சைவம், பஞ்சாபி வீட்டுச் சமையல், சுடச்சுடப் பராத்தா. வீட்டு நினைவு வாட்டும்போது நான் போகிற இடம் அதுதான்.

குருத்துவாராவில் சாப்பிடலாமா?

தாராளமாக. பொல்லக்ஷீல்ட்ஸில் ஆல்பர்ட் டிரைவ் சாலையிலும், மேற்கே பெர்க்லி தெருவிலும் சீக்கியர்களின் பெரிய வழிபாட்டு இடங்களான குருத்துவாராக்கள் இருக்கின்றன. அங்கே பரிமாறும் லங்கர் எனும் அன்னதானம் எல்லோருக்கும் பொது, சைவம், இலவசம். தலையை மூடிக்கொள்ளுங்கள், காலணியைக் கழற்றுங்கள், வாங்கியதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். அடிக்கடி போகும் மாணவர்கள் ஒரு நாளாவது பாத்திரம் கழுவவோ பரிமாறவோ நில்லுங்கள். அந்த அன்னத்துக்கு அதுதான் மரியாதை.

சிக்கன் டிக்கா மசாலா இங்கேதான் பிறந்ததா?

அப்படித்தான் இந்த ஊர் உரிமை கொண்டாடுகிறது. ஷிஷ் மஹால் உணவகம் 1964இல் திறந்தது. இன்று கெல்வின்பிரிட்ஜ் சப்வே நிலையத்துக்கு அருகே பார்க் சாலையில் இருக்கிறது. அதன் உரிமையாளர் அலி அகமது அஸ்லம் சொன்ன கதை இது: 1970களில் ஒரு வாடிக்கையாளர் சிக்கன் டிக்கா வறண்டிருக்கிறது, கொஞ்சம் குழம்பு வேண்டும் என்றார். அப்போது வயிற்றுப் புண்ணுக்காகத் தக்காளி சூப் குடித்துக்கொண்டிருந்த அஸ்லம், அந்த சூப்பிலேயே மசாலா சேர்த்து ஊற்றிக் கொடுத்தார். 2009இல் கிளாஸ்கோ நாடாளுமன்ற உறுப்பினர் முகமது சர்வார் இந்த உணவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு வாங்க முயன்றார், கைகூடவில்லை. அஸ்லம் 2022 டிசம்பரில் காலமானார்.

வேறு ஊர்களும் இதே உணவுக்கு உரிமை கோருகின்றன. என் மனம் ஷிஷ் மஹால் பக்கம்தான். வாடிக்கையாளர் கேட்டார், சமைத்தவர் கொடுத்தார் என்ற அந்தக் கதை இந்த ஊரின் இயல்புக்கு அத்தனை பொருத்தமாக இருக்கிறது. ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள். செட்டிநாட்டுக் காரத்தை எதிர்பார்க்காதீர்கள், இது இனிப்பும் பாலேடும் சேர்ந்த வேறு குடும்பம்.

மீன் கடையில் என்ன சொல்லி வாங்குவது?

'சப்பர்' என்றால் சிப்ஸோடு சேர்த்து என்று பொருள். ஃபிஷ் சப்பர், ஹாகிஸ் சப்பர் என்று கேளுங்கள். சிப்ஸ் வேண்டாமென்றால் 'சிங்கிள் ஃபிஷ்'. இங்கிலாந்தில் பல இடங்களில் காட் மீன் போடுவார்கள், இங்கே ஹாடக். இன்னும் இனிப்பானது, மென்மையானது. மேலே உப்பும் வினிகரும் தெளிக்கச் சொல்லுங்கள். எடின்பரோவில் வினிகருக்குப் பதிலாக ஒரு பழுப்பு சாஸ் ஊற்றுவார்கள். எது சிறந்தது என்று இரு ஊராருக்கும் ஓயாத வழக்கு. நான் வினிகர் கட்சி. காகிதத்தைப் பிரித்து நடந்துகொண்டே சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆவியில் நமுத்துவிடும்.

இத்தாலியக் கஃபேக்கள் ஏன் இத்தனை?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, டஸ்கனியின் பார்கா ஊரிலிருந்தும் லாட்சியோ மலைக் கிராமங்களிலிருந்தும் வறுமையில் கிளம்பியவர்கள் இங்கே வந்து ஐஸ்கிரீம் வண்டி தள்ளினார்கள். பிறகு மீன் கடை, பிறகு கஃபே. கிளாஸ்கோக்காரர்களுக்கு ஐஸ்கிரீமையும் ஃபிஷ் சப்பரையும் பழக்கியவர்களில் பெரும் பங்கு இவர்களுக்கு உண்டு. பையர்ஸ் சாலையில் 1918 முதல் ஒரே குடும்பம் நடத்தி வரும் யுனிவர்சிட்டி கஃபேயின் குறுகிய இருக்கைகளில் உட்கார்ந்தால் அந்தக் காலம் அப்படியே இருக்கிறது. ஐஸ்கிரீமை 'ஆய்ஸ்டர்' என்று கேட்டால் சிப்பி வடிவ வேஃபரில், ஓரத்தில் சாக்லேட்டும் தேங்காய்த் துருவலும் ஒட்டிக் கொடுப்பார்கள்.

இந்த இனிப்புக்குப் பின்னால் ஒரு பெரிய வலி இருக்கிறது. 1940 ஜூன் 10 அன்று முசோலினி பிரிட்டன் மீது போர் அறிவித்தான். அன்றிரவே கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் இத்தாலியர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். நேற்றுவரை ஐஸ்கிரீம் வாங்கித் தின்றவர்களே உடைத்தார்கள். இத்தாலிய ஆண்களை அரசு பிடித்துக்கொண்டு போனது. ஜூலை 2 அன்று, அவர்களில் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பல் ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் அதிகமானோர் இத்தாலியர். கிளைட் ஆற்றங்கரையில் செயின்ட் ஆன்ட்ரூஸ் கதீட்ரலை ஒட்டி அவர்கள் நினைவாக 2011இல் ஒரு தோட்டம் திறந்தார்கள். அமைதியான இடம். ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும் நாளில் அங்கும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

வெயில் அடித்தால் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்தில் லார்க்ஸ் கடற்கரை. அங்கே 1935இல் கட்டிய நார்டினீஸ் கஃபேயில் கடலைப் பார்த்தபடி ஐஸ்கிரீம் சாப்பிடலாம்.

நல்ல டீ எங்கே கிடைக்கும்?

சாக்கிஹால் தெரு 217ஆம் எண். கேட் கிரான்ஸ்டன் என்ற பெண் தொழில்முனைவர் 1903இல் திறந்த டீ அறை. கட்டடத்தின் முகப்பிலிருந்து நாற்காலியின் முதுகு வரை மக்கின்டாஷின் கைவண்ணம். பெண்கள் துணையின்றி வெளியே உட்கார்ந்து சாப்பிட இடமில்லாத காலத்தில், மதுவும் இல்லாமல் மரியாதையும் குறையாமல் உட்கார இவரது டீ அறைகள் இடம் கொடுத்தன. பல ஆண்டுப் புதுப்பிப்புப் பணி 2018இல் முடிந்தது. சாக்கிஹால் என்ற பெயருக்கே வில்லோ மரங்கள் நிற்கும் புல்வெளி என்று பொருள். அறையின் பெயரும் வில்லோ. மக்கின்டாஷின் மனைவி மார்கரெட் மெக்டொனால்டு இந்த அறைக்காகச் செய்த சுவர்ச் சிற்பத்தின் மூலம் கெல்வின்குரோவில் இருக்கிறது. மதியமே பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

டீக்கும் நமக்கும் இங்கே நெருங்கிய தொடர்பு உண்டு. தாமஸ் லிப்டன் இந்த ஊரில் பிறந்தவர். 1871இல் ஸ்டாப்கிராஸ் தெருவில் மளிகைக் கடை திறந்தார். 1890இல் இலங்கை சென்று தேயிலைத் தோட்டங்கள் வாங்கினார். ஹப்புத்தளைக்கு மேலே உள்ள தம்பேத்தன்ன அவற்றுள் ஒன்று. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் மக்கள். கிளாஸ்கோ தெருக்களில் லிப்டனின் பெயரைச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்களைப் பற்றிச் சொல்வாரில்லை. வில்லோ அறையில் வெள்ளிக் கெண்டியிலிருந்து டீ ஊற்றும்போது நான் அவர்களை நினைத்துக்கொள்வேன். உடன் வருகிறவர்களுக்கும் சொல்வேன்.

தண்ணீரும் ஒரு காரணம். 1859 முதல் கேட்ரின் ஏரியிலிருந்து வரும் மென்னீரை இந்த ஊர் குடிக்கிறது. டீயில் ஆடை படியாது, நிறம் தெளிவாக இறங்கும். பாட்டில் தண்ணீர் வாங்கவே வேண்டாம்.

கடல் உணவுக்கு?

ஃபின்னிஸ்டனில் ஆர்கைல் தெருவில் உள்ள கிராப்ஷாக். 2009இல் தொடங்கிய சிறிய இடம், முன்பதிவு அவசியம். மேற்குக் கடற்கரையின் லாங்குஸ்டீன் கிடைக்கும் நாளில் அதையே வாங்குங்கள். நம் சிங்கி இறாலின் மெலிந்த தம்பி போல் இருக்கும். பெரும் பகுதி பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் ஏற்றுமதியாகிவிடுகிறது. ஓட்டை உடைத்துத் தலைச்சாற்றை உறிஞ்சிச் சாப்பிடுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

இட்லி, தோசை?

தென்னிந்திய உணவகங்கள் உண்டு, ஆனால் சில ஆண்டுகளில் மூடுவதும் புதிதாகத் திறப்பதுமாக இருக்கும். பெயர் எழுதி வைத்தால் பழையதாகிவிடும். வந்த பிறகு அன்றைய நிலவரத்தை இங்குள்ள தமிழ் மாணவர்களிடம் கேளுங்கள். வீட்டில் சமைப்பவர்களுக்குக் கவலையே இல்லை. உட்லண்ட்ஸ் சாலையில் கேஆர்கே கடை, தென்பகுதியில் ஆல்பர்ட் டிரைவ், அலிசன் தெருக் கடைகள்: கறிவேப்பிலை, பச்சை மிளகாய், உளுந்து எல்லாம் கிடைக்கும். குளிர்காலத்தில் மாவு புளிக்க மட்டும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். விளக்கு மட்டும் எரியும் ஓவன் அடுப்புக்குள் வைத்துவிடுங்கள்.

நேரம், செலவு, டிப்ஸ்?

இரவு ஒன்பது மணிக்குள் பல சமையலறைகள் மூடிவிடும். நாடகத்துக்குப் போகிறவர்களுக்காக மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை தரும் 'ப்ரீ தியேட்டர்' மெனு இந்த ஊரின் நல்ல வழக்கம். பெரிய உணவகங்களில்கூட விலை கணிசமாகக் குறையும். நாடக டிக்கெட் இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மதிய மெனுவும் அப்படியே. மில்லர் தெருவில் உள்ள பேசானோவில் விறகடுப்புப் பீட்சா மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். டிப்ஸ் கட்டாயமில்லை; மேசைக்கு வந்து பரிமாறினால் பத்து சதவீதம் வழக்கம். 2024 அக்டோபர் முதல் அந்தத் தொகை முழுவதும் ஊழியருக்கே போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம்.

யாராவது உங்களை வீட்டுக்கு 'டீ'க்கு அழைத்தால், அது இரவுச் சாப்பாடாகவும் இருக்கலாம். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஐந்தரை, ஆறு என்றால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள்.

எண்ணெயில் பொரித்த சாக்லேட் இங்கேதானே?

அது வடகிழக்கே ஸ்டோன்ஹேவனில் 1990களில் தொடங்கியது. இங்கும் பொரித்துத் தருவார்கள். ஆனால் ஒரு நாள் மட்டும் இருப்பவர்கள் வயிற்றில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டாம்.

ஊருக்கு என்ன வாங்கிச் செல்வது?

கிளாஸ்கோவை ஒட்டிய அடிங்ஸ்டனில் டன்னக்ஸ் நிறுவனம் 1952 முதல் கேரமல் வேஃபரும் 1956 முதல் டீகேக்கும் செய்கிறது. வேஃபர் பயணத்தைத் தாங்கும். டீகேக்கில் முட்டை வெள்ளைக்கருவின் நுரை இருப்பதால் பெட்டியில் நசுங்கும், இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட நான் அனுப்பி வைப்பது 'டேப்லெட்'. சர்க்கரை, வெண்ணெய், கெட்டிப்பால் மூன்றையும் காய்ச்சி, கிளறி, தட்டில் ஊற்றி வில்லைகளாக வெட்டியது. நல்ல பதத்தில் செய்தது தேங்காய் பர்பி போல் வாயில் பொலபொலவென்று உதிரும். தேவாலய விற்பனை மேசையில் பாட்டிமார் வீட்டில் செய்து கொண்டுவந்து வைத்திருந்தால் கடையில் வாங்காமல் அங்கே வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஊர் போய்ச் சேரும்வரை பதம் மாறாது.